ஆண் வீரனுக்கு முழுக் கவசம், பெண் வீரருக்கு மட்டும் வயிறு தெரிய வேண்டுமாம். என்ன செய்வது?

தூரிகைமலர்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்ன கேம் குழுவில் கேரக்டர் டிசைன் செய்துகொண்டிருக்கிறேன். ஐரோப்பிய மத்தியகாலச் சாயலில் ஒரு ஃபேண்டஸி ஆர்பிஜி (ஒரு கேரக்டராக மாறிக் கதைக்குள் ஆடும் கேம்), கேமரா கேரக்டரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தொடக்கத்தில் ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்கலாம், அதற்குப் பிறகு கதை, வசனம், சண்டை எல்லாம் ஒன்றுதான். எல்லைக் கோட்டை ஒன்றில் பல வருடம் காவல் நின்ற படைவீரர், அதுதான் பின்னணி.

ஆணுக்கு நான் வரைந்த தகட்டுக் கவசத்துக்கு ஒரு கேள்விகூட இல்லாமல் ஓகே சொல்லிவிட்டார்கள். அதே கவசத்தைப் பெண் உடம்பின் அளவுக்கு மாற்றி அனுப்பினேன், "ஸ்டைலே இல்லை, பெண் என்று தெரியவே இல்லை" என்று திரும்பி வந்தது. மார்பை இரண்டு கிண்ணமாக எடுத்துக் காட்டி, வயிற்றுத் தகட்டை எடுத்துவிட்டு, தொடை தெரிகிற மாதிரி வரைந்தால்தான் விற்கும் என்கிறார்கள். அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். ஆனால் வருடக்கணக்கில் கோட்டைச் சுவரில் நின்று பழகிய ஒருத்தி, அம்பு பறக்கிற இடத்துக்கு வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு ஏன் போவாள்? அதற்கு ஒரு பதில் கிடைக்காமல் என்னால் அவளை வரைய முடியவில்லை.

மார்பு வடிவக் கவசம் உண்மையிலேயே ஆபத்தா, இல்லை இணையத்தில் சும்மா சொல்கிறார்களா? தோலைக் காட்டாமல் ஸ்டைல் கொண்டுவந்த கேம்கள் எவை, எப்படிச் செய்தார்கள்? அப்புறம், பெண் கேரக்டராக விளையாடுகிறவர்கள் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? இந்த வாரக் கடைசியில் கூட்டம் இருக்கிறது. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று மட்டும் போய் நிற்காமல் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு போகப் பார்க்கிறேன்.


இரும்புவாசனை:

பழைய ஐரோப்பியக் கவசங்களைப் பற்றிப் படிப்பதுதான் எனக்கு ரொம்ப நாளாகப் பொழுதுபோக்கு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மார்புத் தகடு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அதன் வேலை அடியைத் தாங்குவது மட்டும் கிடையாது, அடியை வழுக்கி வெளியே அனுப்புவது. 15ஆம் நூற்றாண்டுத் தகடுகள் முன்பக்கம் உருண்டையாகப் புடைத்திருக்கும், சிலவற்றில் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு முகடு ஓடும். குடத்தின் வயிற்றில் பட்ட கல் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகிற மாதிரி ஈட்டி முனை போய்விடும். இரண்டு கிண்ணம் வைத்தால் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. இடப்பக்கம் பட்ட முனையும் வலப்பக்கம் பட்ட முனையும் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும், பள்ளத்துக்கு நேர் பின்னால் மார்பெலும்பு, அதற்குப் பின்னால் இதயம். கீழே விழுந்தாலே அந்த மடிப்பு குத்தி எலும்பு உடைந்துவிடும் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை நான் அவ்வளவாக நம்பவில்லை, உள்ளே பஞ்சோ பல அடுக்குத் துணியோ வைத்துத் தைத்த கனமான சட்டை இருக்கும், அது நிறைய வாங்கிக்கொள்ளும். கூட்டத்தில் அந்த வாதத்தை எடுக்காதீர்கள், யாராவது மடக்கினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். அடி திரும்பும் திசை தப்பாகிறது என்ற ஒன்றே போதும்.

அந்த உள்சட்டை இன்னொரு விஷயத்தையும் முடித்துவைக்கிறது. உடம்புக்கும் இரும்புக்கும் நடுவில் அவ்வளவு துணி, மேலே ஏற்கனவே புடைத்திருக்கிற தகடு, இதற்குள் பெரும்பாலான பெண்களின் மார்புக்கு இடம் இருக்கிறது, தனிக் கிண்ணம் தேவையே இல்லை. ஆண்களின் கவசமே இடுப்பில் நன்றாகக் குறுகித்தான் இருக்கும் என்பதையும் கவனியுங்கள். 15 முதல் 25 கிலோ வரை வருகிற முழுக் கவசத்தின் எடை தோளில் மட்டும் தொங்கினால் ஆள் சீக்கிரம் களைத்துவிடுவான், கொஞ்சம் எடை இடுப்பில் உட்கார வேண்டும், அதற்காக அந்தக் குறுகல். உங்கள் குழு கேட்கிற "பெண் இடை" ஆண் கவசத்திலேயே இருக்கிறது!

பெண்ணுக்கு உண்மையில் எது மாறும்? அமெரிக்க ராணுவம் 2010களில் பெண்களுக்கென்று குண்டு துளைக்காத உடுப்பைத் தனியாக வடிவமைத்தது. அதற்கு முன் பெண் வீரர்கள் சொன்ன குறை, உடுப்பு நீளமாக இருக்கிறது, தோளில் அகலமாக இருக்கிறது, உட்கார்ந்தால் கீழே தொடையில் இடிக்கிறது, துப்பாக்கியைத் தோளில் சரியாக வைக்க முடியவில்லை என்பவை. உடலின் நீளம், தோள் அகலம், இடுப்பு அகலம், இந்த மூன்றும்தான் முக்கியம். மார்புத் தகடு கொஞ்சம் மேலேயே முடியட்டும், இடுப்புக்குக் கீழே வருகிற பட்டைத் தகடுகள் கொஞ்சம் அகலமாக விரியட்டும், தோள் தகடு சிறியதாகட்டும். பார்க்கிற கண்ணுக்குப் பெண் என்று தெரிந்துவிடும்.

வயிறு, தொடை விஷயத்துக்குப் பிரான்ஸுக்காகப் போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க் ஒருத்தியே போதும். 1429இல் தூர் நகரத்து ஆசாரி ஒருவர் அவளுக்கு 100 லிவ்ருக்கு (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) முழுக் கவசம் செய்து கொடுத்த கணக்கு இன்றும் இருக்கிறது. உள்ளதிலேயே நல்ல பாதுகாப்பைப் போட்டுக்கொண்டுதான் போனாள், அப்படியும் ஓர்லியான்ஸில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அம்பு பாய்ந்தது, பிறகு பாரிஸில் தொடையில் குறுக்குவில் அம்பு. அவ்வளவு இரும்புக்குள்ளும் இடைவெளியைத் தேடிக்கொண்டு வருகிறது. 1361இல் ஸ்வீடன் பக்கம் கோட்லாண்ட் தீவில் விஸ்பி என்ற ஊருக்கு வெளியே நடந்த போரில் செத்தவர்களின் புதைகுழிகளைத் தோண்டியபோது, கால் எலும்புகளில் அத்தனை வெட்டுக் காயங்கள் இருந்தன. கேடயத்துக்குக் கீழே கால்தான் திறந்திருக்கும், எதிரி அங்கேதான் வெட்டுவான். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் அதிக நேரம் கிடைக்காது.

இவ்வளவும் சொன்னதால் நிஜக் கவசத்தில் ஸ்டைலே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். கிரேக்கர்களும் ரோமானியர்களும் மார்பு, வயிற்றுத் தசை, தொப்புள் எல்லாம் உள்ள வெண்கல உடற்கவசம் செய்தார்கள். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்கு 1540 வாக்கில் செய்த கவசம் லண்டன் டவரில் இருக்கிறது, அரைக்குக் கீழே முன்பக்கம் பெரிதாகத் துருத்திக்கொண்டு ஒரு எஃகு உறை, சண்டைக்கு அவ்வளவு பெரிதாக அது தேவையே இல்லை, அந்தக் கால ஆண்களின் உடைப் பாணி அது, அதை அப்படியே இரும்பில் அடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது மாக்ஸிமிலியன் பாணிக் கவசம், 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். உடம்பு முழுக்க மடிப்பு மடிப்பாக வரிகள் ஓடும், துணி மடிப்பைப் பார்த்துச் செய்தது. ஆனால் அந்த வரிகள் மெல்லிய தகட்டை வளையாமல் விறைப்பாக நிறுத்தவும் செய்கின்றன. ஸ்டைலும் வேலையும் ஒரே கோட்டில் இருக்கிறது. உங்கள் குழுவுக்கு அந்தப் படங்களைக் காட்டுங்கள். ஆணுக்கு இவ்வளவு அலங்காரம் செய்தவர்கள்கூட அவன் வயிற்றைத் திறந்து வைக்கவில்லை.


பாலிகன்_பட்டறை:

3டி மாடலிங், ரிக்கிங் (கேரக்டர் அசைய உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒன்றை அமைப்பது) பக்கம் வேலை செய்கிறவன் நான். இரும்புவாசனை சொன்னதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை, ஆனால் கேம்களில் இந்த வழக்கம் வந்ததற்குத் தொழில்நுட்பக் காரணமும் கொஞ்சம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் கூட்டத்தில் உதவும்.

2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் தகடு, தலைக்கவசம் போன்றவை தனி மாடல்கள், ஆனால் மார்புக் கவசம் பெரும்பாலும் உடம்பு மெஷ்ஷின் (3டி வடிவத்தின்) மேல் ஒட்டிய டெக்ஸ்சர், அதாவது வரைந்த படம்தான். ஒரே நேரத்தில் திரையில் நூற்றுக்கணக்கான ஆட்கள், அன்றைய கம்ப்யூட்டர், வேறு வழி இல்லை. எஃகு என்று வரைந்தாலும் அது உடம்போடு ஒட்டித்தானே இருக்கும், பெண் உடம்பின் வளைவு அப்படியே தெரியும். அதுவரை சரி, அது கட்டாயம். ஆனால் அதே கால் கவசம் ஆண் போட்டால் முழு நீளக் காற்சட்டையாகவும் பெண் போட்டால் ஜட்டியும் நீளக் காலுறையுமாகவும் வந்த துண்டுகள் அதே கேமில் இருந்தன. அது கம்ப்யூட்டரின் பிரச்சினை கிடையாது, யாரோ உட்கார்ந்து இரண்டு டெக்ஸ்சர் வரைந்தார்கள், அதற்குக் கூடுதல் நேரம் செலவழித்தார்கள்.

இன்னொரு காரணம் அனிமேஷன். விறைப்பான தகடு வளையாது, கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தோள் தகடு கழுத்துக்குள் போகும், குனிந்தால் இடுப்புத் தகடு தொடைக்குள் போகும். தோலும் தோலோடு ஒட்டிய துணியும் அப்படிப் பிரச்சினை பண்ணாது. அதனால் அவசரத்தில் இருக்கிற ரிக்கருக்குத் தொடை தெரிகிற டிசைன் உண்மையில் சௌகரியம்தான். ஆனால் உங்கள் ஆண் கேரக்டருக்கு அந்த வேலையை எப்படியும் செய்யத்தானே போகிறார்கள்? அவனுடைய இடுப்புத் தகட்டுக்கு எலும்பு போட்டு, எந்த எலும்பு எந்தப் பகுதியை அசைக்கும் என்று வெயிட் பெயிண்ட் பண்ணி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து தெரிகிற கிளிப்பிங் எல்லாம் சரி செய்த பிறகு, அதே அமைப்பைப் பெண்ணுக்கு அளவு மாற்றி எடுத்துக்கொள்ளலாம். தனி டிசைன் என்றால் மாடலிங், ரிக்கிங், டெஸ்டிங் எல்லாம் இரண்டு மடங்கு. ஸ்கைரிம் என்ற கேமில் ஒரு உடல் கவசத்துக்கு ஆண் பெண், அதில் ஒல்லி பருமன் என்று நான்கு மெஷ் வைத்திருப்பார்கள், அங்கேகூட அடிப்படை டிசைன் ஒன்றாக இருந்தால்தான் வேலை நகரும். சின்னக் குழு என்கிறீர்கள், பணம் என்ற மொழியில் பேசுங்கள், கேட்பார்கள்.

அப்புறம் கேமரா. முதுகுக்குப் பின்னால் கேமரா வைத்திருக்கிற கேமில் மார்புக் கிண்ணத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆட்டக்காரர் மணிக்கணக்காகப் பார்க்கப்போவது முதுகு, தோள், தலைக்கவசத்தின் பின்புறம், இடுப்பிலிருந்து தொங்கும் துணி. உங்கள் ஸ்டைல் பட்ஜெட்டை அங்கே கொட்டுங்கள். எல்டன் ரிங் கேமில் மலேனியா என்ற எதிரியைப் பாருங்கள், சிறகு வைத்த தலைக்கவசம் கண்ணை மூடியிருக்கும், சிவப்பு அங்கி, பொன்னிறச் செயற்கைக் கை. சண்டையின் முதல் பாதியில் அவ்வளவுதான், எந்தத் தூரத்தில் இருந்து பார்த்தாலும் அவள்தான் என்று தெரியும், உலகம் முழுக்க அவளை வரைகிறார்கள், அவள் மாதிரி உடை போட்டுக் காஸ்ப்ளே செய்கிறார்கள். கேரக்டரை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, வெளிக்கோட்டை மட்டும் வைத்து அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்போமே, அந்தச் சோதனையை உங்கள் இரண்டு டிசைனுக்கும் செய்து காட்டுங்கள். கறுப்பாக நிரப்பினால் தோல் எது, இரும்பு எது என்று தெரியாது, வடிவம் மட்டும் பேசும்.


ராத்திரி_ரெய்டு:

கேள்வியில் கடைசிப் பகுதி எங்களைப் போன்றவர்களுக்கு என்பதால் எழுதுகிறேன். நான் பெண், எல்லா கேமிலும் பெண் கேரக்டர்தான், கிடைக்கிற எல்லா உடையையும் சேர்ப்பவள். மேலே இரண்டு பேரும் சொன்னதைப் படித்தால், தோல் தெரிகிற உடை எல்லாமே தப்பு என்ற மாதிரி யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அழகான உடை பிடிக்கும். சில நாள் முழு இரும்பில் போவேன், சில நாள் முதுகு திறந்த பட்டு உடையில் மந்திரக்காரியாகப் போவேன். அது என் தேர்வாக இருக்கிற வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. வார்கிராஃப்ட்டில் 2011 கடைசியில் டிரான்ஸ்மாக் வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன், பலம் ஒரு கவசத்தில் இருந்து, தோற்றம் இன்னொரு கவசத்தில் இருந்து. டார்க் சோல்ஸ் ஆடுகிறவர்கள் எடைக் கணக்கு எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் பாஸ் (பெரிய எதிரி) சண்டைக்கு எது அழகோ அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்கள், ஆண்களும்தான்!

வலிக்கிற இடம் வேறு. கஷ்டப்பட்டு ஒரு கவசம் எடுக்கிறேன், படத்தில் கம்பீரமாக இருக்கிறது, கூட ஆடுகிற பையனின் கேரக்டர் அதைப் போட்டுக்கொண்டு தளபதி மாதிரி நிற்கிறான், நான் போட்டவுடன் அது பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கேம் எனக்கு ஒன்று சொல்கிறது: இந்த உலகத்தில் அவன் சண்டை போட வந்தவன், நீ பார்க்கப்பட வந்தவள். அதே கேமில் ஆணுக்கும் திறந்த மார்பு உடை இருந்து, எனக்கும் மூடிய உடை இருந்தால் அப்படித் தோன்றவே தோன்றாது. மான்ஸ்டர் ஹண்டரில் பல வருடமாக ஆண் கவசம் தனி, பெண் கவசம் தனி, வேட்டையாடிய சில மிருகங்களை வைத்துச் செய்கிற கவசத்தில் ஆண் டிசைன்தான் எனக்குப் பிடிக்கும், போட முடியாது. 2025 பிப்ரவரியில் அதே வரிசையில் வைல்ட்ஸ் வந்தபோது அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். நான் முதலில் செய்தது ஆண் டிசைன் கவசம் ஒன்றை எடுத்து என் கேரக்டருக்கு மாட்டியதுதான், கவர்ச்சி டிசைனை எடுத்து ஆண் கேரக்டருக்கு மாட்டிய நண்பர்களும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் சந்தோஷம்.

"விற்காது" என்கிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் 2022இல் எல்டன் ரிங், 2023இல் பால்டர்ஸ் கேட் 3. இரண்டிலும் கனமான கவசம் என்றால் பெண்ணுக்கும் கனமான கவசம்தான். பால்டர்ஸ் கேட் செய்த லாரியன் ஸ்டூடியோவே முன்பு டிவினிட்டி ஒரிஜினல் சின் விளம்பரப் படத்தில் பெண் வீரருக்கு வயிறு தெரிய வரைந்து, ஆட்சேபம் வந்ததும் மூடி மாற்றினார்கள், அந்த கேமும் நன்றாகத்தான் போனது. அதே நேரம் 2024இல் நாயகிக்குக் கவர்ச்சி உடை வைத்த ஸ்டெல்லார் பிளேடு என்ற கேமும் விற்றது, அதையும் மறைக்கக் கூடாது. கேம் நன்றாக இருந்தால் இரண்டும் விற்கும். அப்படியென்றால் முடிவு விற்பனையைப் பார்த்து எடுக்க வேண்டியது இல்லை, உங்கள் கதையைப் பார்த்து எடுக்க வேண்டியது. கோட்டைக் காவல்காரி என்று எழுதிவிட்டீர்கள், அவளுக்கு மூடிய கவசம்தான். அதே கதையில் அரண்மனை விருந்து ஒன்று வந்தால் அவளுக்கு ஒரு அசத்தலான உடை கொடுங்கள், அவனுக்கும் கொடுங்கள்.


வெண்கலவாள்:

ஒரு சந்தேகம். டிராகன் பறக்கிறது, கையிலிருந்து நெருப்பு வருகிறது, அதையெல்லாம் கேள்வி கேட்காதவர்கள் கவசத்தில் மட்டும் அறிவியல் பேசுவது ஏன்? மந்திரம் பாதுகாக்கிறது என்று ஒரு வரி எழுதினால் முடிந்துவிடாதா? குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.


இரும்புவாசனை:

@வெண்கலவாள் எழுதலாம், தாராளமாக. ஆனால் அந்த ஒரு வரி அந்த உலகத்தில் எல்லோருக்கும் பொருந்த வேண்டும். மந்திரம் வெறும் தோலையே காப்பாற்றும் என்றால் ஆண் வீரன் 20 கிலோ இரும்பைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்குவது எதற்கு? அவனும் கழற்றிவிட்டு லேசாக ஓடுவானே. டிராகன் பறக்கும் என்பது அந்த உலகத்தின் விதி, அதை ஏற்றுக்கொண்டுதான் ஆடுகிறோம். இரும்பு ஒருவனுக்குத் தேவை, பக்கத்தில் நிற்கிற ஒருத்திக்குத் தேவையில்லை என்றால், அதற்கும் ஒரு விதி வேண்டும். அந்த விதியை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. யாராவது நன்றாக எழுதினால் மகிழ்ச்சியாக ஆடுவேன்.


ராத்திரி_ரெய்டு:

@வெண்கலவாள் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஸ்கைரிமில் ஃபோர்ஸ்வார்ன் என்ற மலைக் கூட்டத்தின் கவசம் விலங்குத் தோல், எலும்பு, ரோமம் வைத்தது, உடம்பு நிறையத் தெரியும். ஆணுக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும். அவர்கள் அப்படிப்பட்ட கூட்டம் என்று பார்த்தவுடன் புரிகிறது, எனக்கு ஒரு நொடிகூட உறுத்தவில்லை. தோல் தெரிகிறதா இல்லையா என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை.


தூரிகைமலர்:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து மறுபடியும் வரைந்தேன். மார்புத் தகட்டைக் கொஞ்சம் மேலேயே முடித்து, இடுப்புத் தகடுகளை விரித்து, மாக்ஸிமிலியன் பாணி வரிகளை முதுகுத் தகட்டில் விசிறி மாதிரி ஓட விட்டிருக்கிறேன், கேமரா எப்போதும் பார்க்கப் போவது அதைத்தானே. ஆண் கேரக்டருக்கும் அதே வரிகள். கறுப்பு நிரப்பிய படத்தில் என் டிசைன் தனியாகத் தெரிகிறது, அவர்கள் கேட்ட டிசைன் கை கால் உள்ள ஏதோ ஒரு உருவமாக நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறேன்.

இன்னும் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். "பெண் என்று தெரிய வேண்டும்" என்று அவர்கள் விடமாட்டார்கள். தலைக்கவசத்துக்குப் பின்னால் நீளமான பின்னல் தொங்குகிற மாதிரி வைத்தால் எளிதாக முடிந்துவிடும், அது சரியா? அப்புறம் இடுப்புக்குக் கீழே நீளத் துணி தொங்கவிட ஆசை, ஓடும்போது காலுக்குள் புகுந்துவிடுமோ என்று பயம்.


இரும்புவாசனை:

பின்னல் வேண்டாம் என்பேன். கைகலப்பில் எதிரி பிடித்து இழுக்க ஒரு கயிற்றை நீங்களே கொடுத்த மாதிரி ஆகும். தலைமுடியைச் சுருட்டி, பஞ்சு வைத்த குல்லாயை மேலே போட்டு, அதற்கு மேல்தான் தலைக்கவசம். அவள் தலைக்கவசத்தைக் கழற்றுகிற ஒரு அனிமேஷன் வையுங்கள், கோட்டைக்குள் வந்ததும், தீ மூட்டி உட்காரும்போதும். வியர்வை, குல்லாயின் தையல் பதிந்த நெற்றி, கலைந்த முடி, முகம். பெண் என்று அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? மற்ற நேரத்தில் குரல் போதும். டார்க் சோல்ஸில் கட்டரீனா நாட்டு சீக்மேயரும் அவருடைய மகள் சீக்லிண்டேவும் அச்சு அசலாக ஒரே உருண்டைக் கவசம்தான் போட்டிருப்பார்கள், வெங்காயம் என்று எல்லோரும் கூப்பிடுவார்களே, அதுதான். வாயைத் திறந்தால்தான் அப்பாவா மகளா என்று தெரியும். இத்தனை வருடம் கழித்தும் அந்த மகளை யாரும் மறக்கவில்லை.


பாலிகன்_பட்டறை:

துணிக்கு: முழுப் பாவாடையாக விடாதீர்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பட்டைகளாகப் பிரித்து, பக்கவாட்டில் தொடைத் தகடு தெரிய விடுங்கள். கால் முன்னால் போகும்போது துணிக்கு ஒதுங்க இடம் இருக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் மூன்று நான்கு எலும்பு, தொடை எலும்பில் ஒரு கேப்ஸ்யூல் கொலைடர் (துணி காலுக்குள் புகாமல் தடுக்கிற, கண்ணுக்குத் தெரியாத உருளை), துணியின் அசைவு முழுவதையும் கணக்கிடுகிற கிளாத் சிமுலேஷன் தேவையில்லை. பின்பட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடியட்டும், அதற்கு மேல் நீளம் போனால் ஏணி ஏறும்போதும் உருளும்போதும் சிக்கும். முதலில் உருளும் அனிமேஷனில் போட்டுப் பாருங்கள், அதில் தப்பித்தால் மற்றதில் பெரும்பாலும் தப்பிக்கும். ஃபைல் எந்த சாஃப்ட்வேரில் இருக்கிறது என்று சொல்லுங்கள், எலும்பு அமைப்பை ஒரு படமாகப் போட்டு அனுப்புகிறேன்.


தூரிகைமலர்:

பிளெண்டர்தான். பின்னலை எடுத்துவிட்டேன், தலைக்கவசம் கழற்றுகிற காட்சிக்கு ஸ்டோரிபோர்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.